பதினோரு மைல், ஒரு முடிச்சு

8 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவருக்குச் சளியும் எனக்கு வாயும் மட்டும் வழக்கம்போல் குறையவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் மருமகள் வாலு பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாளே, கழற்றியாயிற்றா? இதையெல்லாம் போனில் கேட்டால் என்ன என்று நீ முனகுவது கடல் தாண்டி எனக்குக் கேட்கிறது. போனில் பேசினால் காற்றோடு போச்சு. எழுதினால்தான் கோப்பில் நிற்கும். பதிவறையில் இருபத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு வேறு புத்தி எங்கிருந்து வரும்?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாவட்ட அலுவலகம் மக்களுக்கு ஒரு கையேடு போடப் போகிறது. பிறப்புச் சான்றிதழுக்கு எந்த ஜன்னல், குடிநீர் இணைப்புக்கு யாரைப் பார்ப்பது, தெருவிளக்கு எரியாவிட்டால் எந்த எண்ணைக் கூப்பிடுவது, நூலகம் எத்தனை மணி வரை, எல்லாம் அதில் வரும். கடைசி எட்டுப் பக்கம் இந்த ஊர் வரலாறு. மேற்பார்வையாளர் பதிவறை வாசலில் வந்து நின்று, "அதை நீங்கதாம்மா எழுதணும். இந்த ரேக்குக்கெல்லாம் உங்கள விட்டா வாய் யாரு?" என்றார். ஜூலை கடைசியில் எனக்கு ஓய்வு. போகிற போக்கில் இப்படி ஒரு வேலை வந்து மடியில் விழுந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கோப்பு எண் இருக்க வேண்டும். கோப்பு இல்லாத வரி உள்ளே வராது. கொம்பு முளைத்தவர் சொன்னாலும் சரி.

மக்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டு வாசலில் ஒரு பெட்டி வைத்தோம். இருநூற்றுச் சொச்சம் சீட்டு விழுந்தது. அதில் அறுபது பேர் கேட்டது ஒரே கேள்வி: "ஆஸ்பத்திரி முன்னால ரோடு ஏன் வளையுது?" படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டுச் சமாசாரம் அல்லவா அது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் வீட்டுக்காரி சின்னவளையும் வாலுவையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

---

30 ஜனவரி

பதிவறை மகாராணி சமூகத்துக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. முழங்கால் பரவாயில்லை, பஸ்ஸுக்கு அடியில் படுத்தால் வலிக்காது, எழுந்தால்தான் வலிக்கிறது. அதனால் படுத்தே வேலை பார்க்கிறேன். வாலுவுக்குக் கம்பி கழன்றுவிட்டது. இப்போது பேச்சுக்குத் தடையே இல்லை. அத்தான் சளிக்குக் கஷாயம் வேண்டாம், உன் வாயைக் கொஞ்சம் ஓய்த்தால் அவருக்குச் சரியாகிவிடும்.

அக்கா, கையேடு சேதி படித்ததும் பணிமனையில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அப்பா அதில் வரப் போகிறார்! ஆற்றுப் பாலத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் பதினோரு மைல் சாலைக்குச் சங்கிலி பிடித்து அளந்தவர். அவர் அளந்தால் நூல் பிடித்தது போல் இருக்கும் என்று ஊரே அவரை 'நூல்' என்று கூப்பிட்டது. இரண்டு குழு இரண்டு முனையிலிருந்து அளந்து வந்து நடுவில் விரற்கடை பிசகாமல் சந்தித்த கதையை இங்கே பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவன் காது தேய்ந்துபோச்சு.

அந்த வளைவைப் பற்றியும் போட்டு உடைத்துவிடு. பெரிய வீட்டுத் தாத்தா தன் நிலத்தில் சாலை போகக் கூடாது என்று குறுக்கே விழுந்தார், அதனால்தான் பதினோரு மைல் நூலில் ஒரு முடிச்சு விழுந்தது என்று எழுது. அப்பா வாய் திறந்து சொன்னதில்லை. கேட்டால் "அது வேற கதை" என்று எழுந்து போய்விடுவார். பெரிய மனுஷர்களைப் பற்றிப் பேச அவருக்குப் பயம், பாவம். நமக்கென்ன பயம்?

அளந்தால் மட்டும் போதாது, போட்டும் பார்க்க வேண்டும் என்று அவர் தானாகக் கேட்டு இரண்டு வருஷம் கல் உடைத்தாரே, அதையும் சேர். ஸ்டேஷன் மாமாவையும் மறக்காதே. எதிர் முனையிலிருந்து சங்கிலி பிடித்து வந்தவர் அவர்தானே. மாதம் ஒரு தடவை வந்து அப்பா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். எனக்கு முதல் கருவிப் பெட்டி வாங்கிக் கொடுத்தவர். "ஒங்கப்பா போட்ட சோத்தத் தின்னவன்டா நான்" என்பார். நம் வீட்டில் நமக்கே சோறு போதாதே, இவருக்கு எப்போது போட்டார் என்று நீயும் நானும் சிரிப்போம்.

ஜூன் மாதம் வாலு பள்ளிக்கூடத்தில் தன் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். தாத்தாவைப் பற்றித்தான் பேசுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் எழுதி ஒரு நகல் அனுப்பு.

காலர் தூக்கிவிட்ட தம்பி

---

26 பிப்ரவரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது, குறித்து வைத்தேன். அத்தான் அதைப் படித்துவிட்டு மூன்று நாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாலுவிடம் சொல், அத்தை பெருமைப்படுகிறாள் என்று. சின்னவள் உடம்பைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை, அடுத்ததில் எழுது.

நாலு பக்கம் முடித்துவிட்டேன். முதல் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. பழைய சந்தைத் தெரு என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றவள் ஒரு சலவைக்காரம்மா என்றுகூட இருக்கிறது. எழுதும்போது அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் பெரிய வீட்டுக்காரர் வந்தார். ஆஸ்பத்திரிக்கு நிலம் தானமாகக் கொடுத்தது அவர் தாத்தாவாம், சாலை அதற்காகத்தான் ஒதுங்கி வளைந்ததாம், அதைக் கையேட்டில் போட வேண்டுமாம். "பேப்பர் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்குப் பேப்பர் எதுக்கும்மா?"

"ஊருக்குத் தெரியும்ங்க. என் ரேக்குக்குத் தெரியல."

முகம் சிவந்து போனார். மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, 'என்று சொல்லப்படுகிறது' என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டுவிட்டால் என்ன என்றார். முடியாது என்றேன். யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்தப் பக்கம்? இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது வரலாறு இல்லை, வம்பு. பெரிய வீடானாலும் நம் வீடானாலும் ஒரே அளவுதான்.

சாலைக் கோப்பு மேல் ரேக்கில் இருக்கிறது, ஐம்பத்தோரு வருஷத் தூசியோடு. நாளைக்கு ஏணி போட்டு எடுக்கப் போகிறேன். அப்பாவைத் தேடி ஏணி ஏறுகிறேன், போ!

உன் அக்கா

---

18 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சின்னவள் கண்ணாடி மாற்றியிருக்கிறாள். இப்போது என் குறைகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றனவாம். நீங்கள் இருவரும் எப்படி?

ஏணி ஏறினாயா? இறங்கினாயா? கோப்பில் அப்பாவைப் பற்றி என்ன இருக்கிறது? ஒரு வரியாவது எழுதக் கூடாதா? வாலு தினமும் தபால் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறாள். "அப்பா, தாத்தா ரோடு எவ்ளோ நேரா இருக்கும்?" என்று கேட்டாள். தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக் காட்டினேன். நடுவில் ஒரு சின்ன வளைவு போட்டு, "இது மட்டும் பெரிய வீட்டுக்காரங்க வேலை" என்றேன்.

உடனே பதில் போடு.

தம்பி

---

20 ஏப்ரல்

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை தலைக்குமேல் இருக்கிறது. சான்றிதழ் ஜன்னல் இரண்டை மூன்றாக்கிவிட்டார்கள், கையேட்டில் எல்லா எண்ணும் மாற வேண்டும். நூலகத்துக்கு ஞாயிறும் திறக்க உத்தரவு வந்திருக்கிறது. தெருவிளக்குப் பக்கம் மூன்றாவது தடவை திருத்தியாயிற்று. அத்தானுக்கு இருமல் நின்றது. வெயில் தாங்கவில்லை.

சாலைப் பக்கம் இன்னும் எழுதவில்லை. பார்க்கலாம்.

சின்னவளின் கண்ணாடி எந்த நிறம்? வாலுவுக்குத் தாத்தாவைத் தவிர வேறு பேச்சே கிடைக்காதா? பணிமனையைப் பற்றிப் பேசலாமே, நீயும்தான் எத்தனை பஸ்ஸை ஓட வைத்திருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

9 மே

அக்காவுக்கு,

நலம். அங்கே நலமா என்று கேட்கிறேன். பதிலுக்குத் தெருவிளக்கைப் பற்றி எழுதாதே.

நான் கேட்டது கண்ணாடியின் நிறத்தை இல்லை. இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. "பார்க்கலாம்" என்கிறாய். உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே கிடையாது. நீ எதையும் பார்க்கலாம் என்று சொல்கிறவளா? ஒன்று உண்டு என்பாய், இல்லாவிட்டால் இல்லை என்பாய்.

எனக்குப் புரிகிறது. பெரிய வீட்டுக்காரர் வந்து முகம் சிவந்துவிட்டுப் போனார், மேற்பார்வையாளர் காதைக் கடித்தார், ஓய்வு பெறுகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று நீ பின்வாங்கிவிட்டாய். அப்பாவுக்கு அவர்களிடம் இருந்த பயம் இப்போது உனக்கும் வந்துவிட்டது. சாலைப் பக்கத்தை எழுதாமலே விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை, அப்படித்தானே?

நான் கேட்பேன். வெயிலில் கால் பொரிய பதினோரு மைல் நடந்த மனிதருக்கு ஒரு வரி கிடையாதா? அதைப் போட உனக்குக் கை வராவிட்டால் கோப்பு எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு. நானே மாவட்ட அதிகாரிக்கு எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

தம்பி

---

27 மே

என் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. உட்கார்ந்து படி. வாலு பக்கத்தில் இருந்தால் முதலில் நீ படித்துவிட்டுப் பிறகு கொடு.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதியே ஏணி ஏறினேன். கோப்பை அன்றைக்கே படித்தேன். கடைசிப் பக்கமான 41-ல் அப்பா இருக்கிறார், அவர் கையெழுத்திலேயே. அதைப் படித்ததும் கோப்பைக் கொண்டுபோய் என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இந்த மூன்று மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. பதிவேட்டில் யார் எடுத்தது என்கிற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். இதுவரை நான் ஒரு கோப்பையும் ஒரு ராத்திரிகூட ரேக்கை விட்டு வெளியே தங்க விட்டதில்லை. உனக்குத் தெரியும்.

அதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். மார்ச்சில் பெரிய வீட்டுக்காரர் முறைப்படி மனு எழுதி, ஆஸ்பத்திரி நில விவரம் கேட்டார். அந்த விவரமும் இதே கோப்பில்தான். 'தேடப்பட்டது, கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேப்பர் இருக்கா என்று கேட்டு அவரை முகம் சிவக்க வைத்தவள், பேப்பரை இழுப்பறையில் வைத்துக்கொண்டு இல்லை என்றேன்.

பக்கம் 41-ஐ ஓர் எழுத்து மாறாமல் உனக்கு எழுதுகிறேன். சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி. ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் முன்னால் போகிறவர் ஓர் இரும்புக் குச்சி நடுவார், பின்னால் வருகிறவர் பொறுக்கிக்கொண்டே வருவார். கையில் எத்தனை குச்சியோ அத்தனை சங்கிலி. இதெல்லாம் நமக்கு அப்பா சொன்னதுதான். இது அவர் சொல்லாதது:

'மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயாவுக்கு. குளம் குறுக்கே இருந்ததால் அதற்கு முன் வலப்பக்கம் நான்கு சங்கிலி ஒதுங்கிப் போனோம். குளத்தைத் தாண்டியபின் இடப்பக்கம் நான்கு சங்கிலி திரும்பி வந்தால்தான் பழைய கோடு கிடைக்கும். மூன்றுதான் வந்திருக்கிறோம். அதற்கு முன் அளந்த கணக்கின் குச்சி ஒன்று என் கையிலேயே தங்கிவிட்டது. அதையும் சேர்த்து நான்கு என்று எண்ணிவிட்டேன். குச்சி பொறுக்கியவன் நான், எண்ணியவனும் நான். நேற்று ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மறுமுனையைப் பிடிக்க மறுபடி அளந்தேன். மூன்றுதான். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வந்த குழு அளந்தது சரி. அந்தச் சங்கிலிக்காரரை வேலையிலிருந்து எடுக்க வேண்டாம். முடிச்சு என்னுடையது.'

இரண்டு கோடும் நடுவில் சந்திக்கவில்லை, தம்பி. ஒரு சங்கிலி விலகி நின்றன. அதற்குள் இரண்டு பக்கமும் சரளை கொட்டியாயிற்று. 'நூல்' தப்பு பண்ண மாட்டார் என்று எல்லாரும் ஸ்டேஷன் மாமா தலையில் பழியைப் போட்டார்கள். அவரை வேலையை விட்டு அனுப்ப உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதுவும் கோப்பில் இருக்கிறது, பக்கம் 40. அப்பா வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை.

ஓரத்தில் பொறியாளர் எழுதியிருக்கிறார்: 'இவர் சொல்லியிராவிட்டால் நமக்குத் தெரிந்தே இராது. வேலையை விட்டு நீக்க வேண்டாம். இரண்டு ஆண்டுக்குச் சங்கிலி கொடுக்க வேண்டாம், கல் உடைக்கும் வேலைக்கு மாற்றுக.' அவர் தானாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை, தம்பி.

அந்த ஓரக் குறிப்பின் கீழே மிச்சமும் இருக்கிறது. சாலையை வளைத்து ஒட்டவைத்தார்கள். சாலைக்கென்று பெரிய வீட்டுத் தாத்தாவிடமிருந்து விலை கொடுத்து வாங்கிய நிலம், அரை மைல் நீளம், ஒரு சங்கிலி அகலம், சும்மா மிச்சப்பட்டது. அதில்தான் ஆஸ்பத்திரி கட்டினார்கள். ரயில் பெட்டி மாதிரி அது ஏன் அவ்வளவு நீளமாக, ஒடுக்கமாக இருக்கிறது என்று நர்ஸுகள் நடந்து நடந்து கால் வலியோடு இன்றைக்கும் கேட்கிறார்கள். தானமும் இல்லை, தடுக்கவும் இல்லை. இரண்டு வீடும் ஐம்பது வருஷமாகக் கதை சொல்லியிருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஏழு வயது. அம்மாவும் அப்பாவும் வெயிலில் எங்கோ போய்விட்டு வந்தார்கள். அம்மா உள்ளங்கை முழுக்கத் துருக்கறை. "என்னம்மா இது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அப்பாவுக்கு ஒரு வேலைக்குக் கூடப் பிடிச்சேன்" என்றாள்.

நான் பயந்தது உண்மைதான். ஆனால் பெரிய வீட்டுக்கு இல்லை. நீ பத்து வருஷமாகச் சொன்ன கதையை உன் வாயிலிருந்து பிடுங்கப் பயந்தேன். வாலு தரையில் பார்த்த சாக்பீஸ் கோட்டை அழிக்கப் பயந்தேன். ஜூன் முடிவில் பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. என்ன செய்யலாம் என்று நீ சொல்.

உன் அக்கா

---

25 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தினமும் தபால்காரரைக் கேட்டுக் கேட்டு, இப்போது அவர் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார்.

உன் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு நான் நாளைக் கடத்தினேன். நேற்றுக் காலை அது எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்பா யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அளந்தார், திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தார். கோப்பை எடுத்தது, மறைத்தது, பொய்யாகக் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேற்பார்வையாளர் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இத யாரும் கேக்கவே இல்லையே? போற நேரத்துல நீங்களா எதுக்கு எழுதிக் குடுக்கறீங்க?"

"கேக்கறதுக்கு முன்னாடி குடுத்தாத்தாங்க விளக்கம். கேட்ட பிறகு குடுத்தா சமாளிப்பு."

இதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

அங்கிருந்து நேரே பெரிய வீட்டுக்குப் போனேன். நகலைக் கொடுத்து, "கிடைக்கலன்னு எழுதினது பொய்ங்க, மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் நின்றபடியே கடைசிவரை படித்தார். "எங்க தாத்தா வித்தாரா?" என்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "அப்ப ரெண்டு வீட்டுக் கதையும் போச்சு" என்றார். "போச்சுங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

சாலைப் பக்கத்தையும் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பென்றால் திட்டு. திட்டவாவது ஒரு கடிதம் போடு.

அக்கா

---

6 ஜூலை

என் அக்காவுக்கு,

தம்பி. உயிரோடு, நலமாக இருக்கிறேன். திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? பின்வாங்கிவிட்டாய் என்று உன்னை எழுதினேனே, அந்தக் கடிதத்தை உன் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடு. மாட்டாய். தெரியும்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு இருபது நாள் நான் யாரிடமும் பேசவில்லை. அப்பா மேல் கோபம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பணிமனையில் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? யாராவது "என்னப்பா, ஒங்கப்பா ரோடு எப்படி இருக்கு?" என்று வேடிக்கைக்குக் கேட்டால்கூட எழுந்து போய்விடுவேன். அப்புறம் ஒருநாள் நினைத்துப் பார்த்தேன். அப்பாவும் இப்படித்தானே எழுந்து போவார்?

அன்றைக்கு ஸ்பேனர் எடுக்க ஸ்டேஷன் மாமாவின் பெட்டியைத் திறந்தேன். "ஒங்கப்பா போட்ட சோத்தத் தின்னவன்டா நான்." அக்கா, அவர் வீட்டில் நாலு பிள்ளைகள். நாலு பேருக்கும் முப்பது வருஷம் அப்பா போட்ட சோறு அது. நாம் சிரித்தோமே. பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டுப் பக்கம் 41-ஐப் படித்துக் காட்டினேன். தலைமை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பதினோரு மைல் விரக்கட பிசகாம அளந்தாருன்னு நீ பத்து வருஷமா சொன்னப்ப எங்கள்ல ஒருத்தனும் நம்பலடா. இத நம்பறோம்."

வாலுவின் பேச்சு ஜூன் கடைசி வாரம்தான் நடந்தது. உன் கடிதத்தை அவளே இரண்டு தடவை படித்தாள். என்ன பேசப் போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் சின்னவளும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் மேடையில் ஏறி, ஒரு சங்கிலி எவ்வளவு நீளம் என்று கயிறு பிடித்துக் காட்டினாள். கயிறு கூடத்தைத் தாண்டி வாசல் வரைக்கும் போனது. அப்புறம் சொன்னாள்:

"எல்லாரும் ஒங்க தாத்தா என்ன கட்டினாரு, என்ன வாங்கினாருன்னு சொன்னீங்க. எங்க தாத்தா ஒரு ரோட்ட வளச்சவரு. வளஞ்சிருச்சுன்னு அவரே போய் சொன்னாரு. எங்க பாட்டி கூடப் பிடிச்சாங்க. அந்த வளைவுல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. எங்கப்பா அங்கதான் பொறந்தாரு."

கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன், அக்கா. எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. முழங்கால் வலிக்கவே இல்லை.

கையேடு எனக்கு இருபது பிரதி வேண்டும். அத்தானுக்கு என் அன்பு.

வளைவில் பிறந்த தம்பி

---

3 ஆகஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், பரம சுகம். உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சளி என்றார். வாலுவுக்கு என் முத்தம் ஒரு சங்கிலி நீளம். நீ பிறந்த விஷயத்தைப் பதிவேட்டில் சரிபார்த்தேன். அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பதினேழாவது குழந்தை நீ.

கையேடு வந்துவிட்டது. தனியே பார்சலில் இருபது பிரதி வருகிறது. பக்கம் 63-ஐப் பார்:

'ஆஸ்பத்திரி முன் சாலை ஏன் வளைகிறது? குளத்தைச் சுற்றி அளந்தபோது ஒரு சங்கிலி குறைந்துவிட்டது. 'நூல்' என்று ஊரார் அழைத்த சங்கிலிக்காரர் தாமே மறுபடி அளந்து, பிழை தம்முடையது என்று தாமே எழுதிக் கொடுத்தார். மறுமுனையைப் பிடித்தவர் அவர் மனைவி. மிச்சமான நிலத்தில் ஆஸ்பத்திரி எழுந்தது. சாலைக் கோப்பு, பக்கம் 41.'

அம்மா அரசாங்கக் கையேட்டில் வந்துவிட்டாள், பார்த்தாயா? துருக்கறைக்குக் கிடைத்த மரியாதை.

என் விளக்கத்துக்கும் பதில் வந்தது. பணிப் பதிவேட்டில் ஒரு கண்டிப்பு. இத்தனை வருஷத்தில் முதலாவது, கடைசி நாளுக்கு முந்தின நாள். அத்தான் அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று கேட்கிறார். மாட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

கடைசி நாளன்று மாலை போட்டார்கள், நாலு பேர் பேசினார்கள். பெரிய வீட்டுக்காரரும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் சாலைக் கோப்பை ரேக்கில் வைக்க ஏணியை எடுத்தேன். மேற்பார்வையாளர், "கொஞ்சம் இருங்கம்மா" என்றார். என் விளக்கத் தாளைக் கொண்டுவந்து, "இது இந்தக் கோப்பு சம்பந்தப்பட்டதுதானே? வேற எங்க வைக்கிறது?" என்று ஓட்டை போட்டு, கோப்பில் சேர்த்து, கயிற்றை முடிந்தார். மூலையில் பக்க எண்ணை மட்டும் என்னையே போடச் சொன்னார்.

42 என்று போட்டேன். அப்பாவுக்கு அடுத்த பக்கம்.

பிறகு பதிவேட்டில் ஐந்து மாதமாக வெறுமையாக இருந்த கட்டத்தை நிரப்பினேன். எடுத்தவர்: நான். ஏணி ஏறிக் கோப்பை அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

இனி கடிதம் வீட்டு முகவரிக்கு எழுது. வாலுவைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வா. ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடி. ஆஸ்பத்திரி வரும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். அவளை ஜன்னலோரம் உட்கார வை.

உன் அக்கா